ஹமீதா பானுவின் மீது சுமத்தப்பட்ட அபவாதம்

ஹமீதா பானு என்ற பெண் பயில்வானைப் பற்றி இன்று பேசுகிறவர்களில் அநேகர், அவருடைய பெருமையைச் சொல்லத் தொடங்கிய அதே மூச்சில், ‘ஆனாலும் அந்தக் குஸ்திகளெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு நடத்தியவை என்றும் சொல்லுகிறார்கள்’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்க்காமல் விடுவதில்லை. சொல்லுகிறவர்கள் யார், எதைக் கண்டு சொன்னார்கள், சொன்னதற்கு ஆதாரம் யாது என்ற கேள்விகள் எழுவதற்கு முன்பே அந்த வாக்கியம் தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவர் கோதாவில் இறங்கிய காலத்திலேயே விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள் சிலர் விதைத்த சந்தேகம், இன்று அந்த அம்மையாரின் வாழ்க்கை முழுவதற்கும் விளக்கமாகவே நிலைத்துவிட்டது. வெற்றி பொய், விவாகச் சவால் டிக்கெட் விற்கும் உபாயம், ஆகவே பிற்காலத்தில் பால் விற்று ஜீவித்ததும் பொய்யின் இயல்பான முடிவு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக முடிச்சிட்டுக்கொண்டே போகிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறானது என்பதோடு, ஒரு மனுஷிக்கு உயிரோடிருந்தபோது இழைக்கப்பட்ட அநியாயத்தை அவர் இறந்த பிறகும் நீட்டித்து வருவது என்பதும் என் துணிபு.

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். மல்யுத்தக் குடும்பம் ஒன்றில் பிறந்த ஹமீதா பானுவின் சொந்த ஊர் உத்தரப் பிரதேசத்தின் மிர்ஜாபூர். அலிகாருக்கு வந்து சலாம் பயில்வான் என்பவரிடம் வித்தை கற்றார். அதனாலேயே பத்திரிகைகள் அவரை ‘அலிகாரின் அமேசான்’ என்று அழைத்தன. உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ. நாள்தோறும் அவர் குடித்த பால் 5 லிட்டருக்கு மேல், தின்ற ஆட்டிறைச்சியும் பாதாமும் ஒரு கிலோ அளவு, அதற்கு மேல் முட்டை ஆறு, கோழி, வெண்ணெய், இரண்டு தட்டுப் பிரியாணி என்று பத்திரிகைகள் ஜாபிதா போட்டு எழுதின. ஒன்பது மணி நேரம் உறங்கி ஆறு மணி நேரம் சாதகம் செய்தார் என்பதும் அந்தக் குறிப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் பாதாமையும் பிரியாணியையும் ஞாபகம் வைத்துக்கொண்டவர்கள் அந்த ஆறு மணி நேரத்தை மறந்துவிட்டார்கள். நாள்தோறும் ஆறு மணி நேரம் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, கர்லாக்கட்டை சுழற்றி, மண்ணில் புரண்டு எழுவதற்கு, தோற்பதற்குச் சம்மதித்துவிட்ட எதிராளியோடு பாவனைக்காகப் பொருத நினைக்கிற எவரும் துணியமாட்டார்கள் என்பதை மாத்திரம் இங்கே குறித்து வைக்கிறேன்.

1954 பிப்ரவரியில், தம்முடைய முப்பதாவது வயதைக் கடந்திருந்த அவர், தம்மைக் குஸ்தியில் ஜயிக்கும் புருஷனை மணப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார். பாட்டியாலாவிலிருந்து வந்த ஒருவரையும் கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவரையும் வீழ்த்திவிட்டு, மே மாதத்தில் பரோடா நகரத்துக்குப் போனார். சுவரொட்டிகளும், லாரிகளின் மேல் கட்டிய விளம்பரங்களும் ஊர் முழுவதும் அவர் பேரைப் பரப்பியிருந்தன. பரோடா மகாராஜாவின் ஆதரவு பெற்ற சோட்டே காமா பயில்வான் அவரை எதிர்ப்பதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில், ஒரு ஸ்திரீயோடு பொருதமாட்டேன் என்று அவர் விலகிக்கொண்டார். பின்னர் பாபா பயில்வான் என்பவர் இறங்கினார். ஒரு நிமிஷம் 34 விநாடியில் அவர் மல்லாந்து விழுந்தார். அதற்குப் பிறகு பாபா பயில்வான் கோதாவில் இறங்கவே இல்லை என்கிறார்கள்.

ஒன்றரை நிமிஷத்தில் முடிந்த குஸ்தி உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்பவர்கள், நம் நாட்டுக் குஸ்தியின் விதியை அறியாதவர்கள். மேல்நாட்டுப் பந்தயங்களில் இருப்பதைப் போலப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கணக்கிடும் வழக்கம் மண் கோதாவில் இல்லை. எதிராளியின் தோள் இரண்டும் தரையைத் தொட்டுவிட்டால் அவ்வளவோடு ஆட்டம் முடிந்தது. இருவரும் கைகோத்துப் பலம் பார்க்கும் முதற்பிடியிலேயே ஒருவன் தன் எடையை ஒரு காலுக்கு மாற்றுகிற கணம் வருகிறது. அந்தக் கணத்தைக் கண்டு உள்ளே புகுந்து இடுப்பைத் தூக்கத் தெரிந்தவருக்கு மறுபிடி அவசியமில்லை. 1910-இல் லண்டனில் மேல்நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவோடு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பொருதியும் முடிவு காணாத மகா காமா, 1928-இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷம் ஆவதற்குள் வீழ்த்தினார். இந்திய மல்யுத்தத்தின் பொன்னான கணம் என்று அதைக் கொண்டாடுகிறோம். அது சொற்ப நேரத்தில் முடிந்ததையே அதன் மகிமைக்குச் சாக்ஷியாகச் சொல்லுகிறோம். காமாவின் கையில் வித்தைக்கு அத்தாட்சியாகும் வேகம் ஹமீதா பானுவின் கையில் மோசடிக்கு அத்தாட்சியாவது எந்த நியாயத்தின்படி?

இனி, இந்த விவகாரத்தின் மூலஸ்தானத்துக்கு வருகிறேன். ஒருவருடைய எதிராளிகள் போலிகள் என்று சந்தேகிப்பவர்களுக்கு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மிகவும் சுலபமான வழி ஒன்று உண்டு: போலியல்லாத ஒரு பயில்வானை எதிரே நிறுத்துவது. அந்த வழி ஒவ்வொரு தடவையும் யாரால் அடைக்கப்பட்டது என்று பாருங்கள். 1944-இல் பம்பாயில் கூங்கா பயில்வானோடு அவர் பொருதுவதைக் காண 20,000 ஜனங்கள் திரண்டு வந்தார்கள். கூங்கா பயில்வான் அதிகப் பணமும், தயார் செய்துகொள்ள அதிக அவகாசமும் கேட்டதனால் பந்தயம் கடைசி நேரத்தில் ரத்தாயிற்று. ஆத்திரங்கொண்ட கூட்டம் மைதானத்தைச் சூறையாடியது. பரோடாவில் சோட்டே காமா விலகியதை முன்னமே சொன்னேன். புனாவில் ராமசந்திர சாளுங்கே என்பவரோடு நடக்கவிருந்த குஸ்தியை, அந்நகரத்து மல்யுத்தத்தை நிர்வகித்து வந்த ராஷ்ட்ரீய தாலிம் சங்கம் ஆட்சேபித்ததால் கைவிடும்படியாயிற்று. இந்த மூன்று இடங்களிலும் ஹமீதா பானு பின்வாங்கவில்லை. பின்வாங்கியவர்கள் பேர்பெற்ற புருஷர்கள். தடுத்தது புருஷர்களின் சங்கம். பரீக்ஷை நடைபெறாமல் தடுத்தவர்களே, ‘பரீக்ஷையில் தேறியவர் அல்லர்’ என்று தீர்ப்பும் எழுதினால், அந்தத் தீர்ப்பை வேதவாக்காக ஏற்றுக்கொள்ள நமக்கு என்ன நிர்ப்பந்தம்?

கோலாப்பூரில் நடந்தது இதைக் காட்டிலும் நெஞ்சைச் சுடுவது. சோபா சிங் பஞ்சாபி என்ற பயில்வானை அவர் வீழ்த்தியபோது, ஜனங்கள் கூச்சலிட்டு அவர்மீது கல்லெறிந்தார்கள், போலீஸார் வரவேண்டியதாயிற்று, மறுபடியும் பத்திரிகைக்காரர்கள் அதைக் கேலிக்கூத்து என்று எழுதினார்கள். ஜனங்கள் ஏமாற்றப்பட்டதனால் கோபங்கொண்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லப்படலாம். அதை நான் எடுத்த எடுப்பிலே தள்ளிவிடவில்லை. பணம் கொடுத்துப் பார்க்க வந்தவனுக்கு மோசடியைக் கண்டு கோபிக்க உரிமை உண்டு. ஆனால் பேசிவைத்த குஸ்தியில் பொய் செய்தவன் யார்? எழுந்து நிற்கச் சக்தியிருந்தும் காசுக்காக விழுந்தவன். அவனுக்குக் காசு கொடுத்த ஏற்பாட்டாளன். விழுந்தவனை விட்டு, கொடுத்தவனையும் விட்டு, எழுந்து நின்ற பெண்ணின்மீது கல் போயிற்று என்றால், அந்தக் கோபத்துக்கு மோசடியைத் தவிர வேறு ஒரு காரணம் இருந்திருக்கவேண்டும். குஸ்தியின் பெருமையில் ஊறிய கோலாப்பூரில், சாகு மகாராஜாவின் காலத்திலிருந்து பயில்வான்களைத் தலைமேல் வைத்துப் போற்றிய ஊரில், ஒரு புருஷன் ஒரு ஸ்திரீயின் கீழே மல்லாந்து கிடந்த காட்சியைச் சகிக்க முடியாமையே அந்தக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

பந்தயங்களுக்குத் தடை விழுந்தபோது, ஹமீதா பானு வீட்டிலே உட்கார்ந்து அழவில்லை. அப்பொழுது பம்பாய் ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்த மொரார்ஜி தேசாய் அவர்களுக்கே முறையிட்டார். ஸ்திரீ என்ற காரணத்தால் தடை செய்யவில்லை, அவருக்கு எதிரே போலி ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று ஏற்பாட்டாளர்களைப் பற்றிப் பல புகார்கள் வந்திருப்பதால் தடை செய்தோம் என்பது மந்திரி அளித்த பதில். இந்தப் பதிலை எல்லாரும் அந்த அம்மையாருக்கு எதிரான சாக்ஷியமாக எடுத்தாளுகிறார்கள். வாசித்துப் பாருங்கள்: புகார் ஏற்பாட்டாளர்களின் மீது, தண்டனை பயில்வானுக்கு. நல்ல எதிராளிகளை நிறுத்தும்படி ஏற்பாட்டாளர்களைக் கட்டாயப்படுத்தவோ, நிபுணர்கள் முன்னிலையில் பந்தயத்தை நடத்தவோ அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லாமலில்லை. அவற்றில் ஒன்றும் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. மேலும், எதிராளி போலியென்று தெரிந்துகொண்டு பொருதுகிறவர், அந்தப் போலிக் குஸ்தியைத் தொடர்ந்து நடத்த அனுமதி கேட்டு, விசாரிக்கும் அதிகாரம் படைத்த முதல் மந்திரியின் வாசலுக்கே தாமாகப் போவாரா என்பதை யோசிக்கவேண்டும்.

எதிர்த்தரப்பில் உண்மை எள்ளளவும் இல்லை என்று நான் சாதிக்கப் புகவில்லை. அந்த நாளில் காசுக்கு நடந்த குஸ்திக்காட்சிகளில் விளையாட்டும் வேடிக்கையும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன. ஹமீதா பானுவின் குஸ்திக்குப் பிறகு நொண்டி ஒருவரும் குருடர் ஒருவரும் பொருதுவார்கள் என்று விளம்பரம் செய்த அவலமும் நடந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட பந்தயங்களில் ஜயித்ததாக அவர் சொல்லிக்கொண்டது அவருடைய வாக்கே. அவற்றுள் சில ஏற்பாடு செய்யப்பட்டவையாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் இந்தக் கலப்படம் அவரால் வந்ததன்று. தாலிம்கானா என்னும் பயிற்சிக்கூடத்தின் மண்ணை ஸ்திரீ மிதிக்கலாகாது என்ற கட்டுப்பாடு வழங்கிய காலத்தில், சங்கங்களும் சமஸ்தானங்களும் நடத்திய மரியாதைப்பட்ட பந்தயங்களின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது. திறந்திருந்த ஒரே கதவு டிக்கெட் விற்றுக் காட்சி நடத்தும் ஏற்பாட்டாளனின் கதவு. நேர்வாசலைத் தாழிட்டுவிட்டு, புறவாசல் வழியாக வந்தவள் என்று ஒருத்தியைப் பழிப்பது நேர்மையாகாது.

இதே அளவுகோலைப் புருஷர்கள் மேல் வைத்துப் பார்த்தோமா? ஹங்கேரியில் பிறந்த கிங்காங்கும் நம்முடைய தாராசிங்கும் அந்தக் காலத்திலேயே ஊர் ஊராகப் பொருதினார்கள். தொழில்முறை மல்யுத்தம் என்று உலகம் முழுவதும் நடந்த அந்தக் காட்சிகளில் முடிவு முன்னமே நிச்சயிக்கப்படுவது சகஜம் என்பதை இன்று எல்லாரும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். அதனால் தாராசிங்கின் மதிப்பு ஒரு மாற்றுக் குறைந்ததா? தமிழ்நாட்டு வீடுகளில்கூடத் தாராசிங் என்பது பலசாலிக்கு மறுபெயராயிற்று. அவர் சினிமாவில் கதாநாயகரானார், தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமாராக நின்று கோடானுகோடி ஜனங்களின் வணக்கத்தைப் பெற்றார், 2003-இல் ராஜ்யசபையிலும் அமர்ந்தார். அவருடைய தேகப் பலத்தையும் வித்தையையும் நான் மெய்யாகவே மதிக்கிறேன்; அவருக்குக் கிடைத்த கௌரவம் எதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. காட்சி மல்யுத்தத்தின் கலப்படம் அவருக்கு மன்னிக்கப்பட்டது, ஹமீதா பானுவுக்கு மன்னிக்கப்படவில்லை என்பதே நான் சொல்ல வந்தது. மன்னித்ததற்கும் மன்னிக்காததற்கும் இடையே உள்ள வித்தியாசம் குஸ்தியில் இல்லை, பொருதியவரின் பிறப்பில் இருக்கிறது.

விவாகச் சவாலைப் பற்றியும் சொல்லவேண்டும். அதைக் கொச்சையான விளம்பரம் என்று முகஞ்சுளிப்பவர்கள், அந்தச் சவால் இல்லாவிட்டால் எந்தப் புருஷன் அவரோடு கைகோக்க இறங்கியிருப்பான் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பெண்ணை ஜயித்தால் பெருமையில்லை, தோற்றால் தலைநிமிர வழியில்லை என்று ஒதுங்கி நின்றவர்களை ஒதுங்க முடியாதபடி செய்த உபாயம் அது. சுயம்வரங்களில் வில்லை வளைத்தும் குறியை அடித்தும் புருஷர்கள் தங்களுக்குள்ளேயே போட்டியிட்டார்கள். ராஜகுமாரி மாலையோடு காத்திருந்தாள். நம் நாட்டுப்புறக் கதையில் மதுரையை ஆண்ட அல்லியைக்கூட அர்ச்சுனன் நேர்நின்று வென்றதாகச் சொல்லவில்லை, சூழ்ச்சியால் அடைந்ததாகவே சொல்லுகிறார்கள். ஹமீதா பானுவோ பந்தயப் பொருளாகவும் பந்தயக்காரியாகவும் தாமே நின்றார். ஒருவன் கையில் தம்மை ஒப்படைப்பதா வேண்டாமா என்பதைத் தம் தோள்வலியாலேயே ஒவ்வொரு தடவையும் நிச்சயித்துக்கொண்டார். மாலை கேட்டு வந்தவர்கள் யாவரும் மண்ணோடு திரும்பினார்கள்.

அவரைச் சிருஷ்டித்தவர் சலாம் பயில்வான்தான், உஸ்தாத் ஆட்டிவைத்தபடி அவர் ஆடினார் என்பாரும் உளர். வித்தை கற்பித்தவருக்குரிய மரியாதையை மறுக்க முடியாது. ஆனால் ஆட்டிவைத்தபடி ஆடியவராக இருந்தால் அவருடைய முடிவு அப்படி நேர்ந்திராது. அதே 1954-இல், ‘ருஷியாவின் பெண் கரடி’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட வேரா சிஸ்டிலினை பம்பாயில் ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்திய பிறகு, ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள மல்லர்களோடு பொருதப்போவதாக ஹமீதா பானு அறிவித்தார். அதற்குச் சற்றுக் காலத்துக்குள் குஸ்தி உலகத்திலிருந்து அவர் மறைந்துபோனார். பயந்து ஒதுங்கினார், சாயம் வெளுத்துவிடும் என்று ஒளிந்துகொண்டார் என்றெல்லாம் ஊகிப்பதற்கு இந்த மறைவே இடங்கொடுத்தது. அவரோடு கூடவே வாழ்ந்த குடும்பத்தாரின் வாய்மொழியோ வேறு விதமாக இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போவது சலாம் பயில்வானுக்குப் பிடிக்கவில்லை, தடுத்தார், தடுப்பதற்காக அவருடைய கைகளை அடித்து முறித்தார் என்கிறார்கள். கால்களும் முறிந்தன, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார், குணமான பிறகும் வருஷக்கணக்காகக் கம்பு ஊன்றாமல் நடக்க இயலவில்லை என்று அயலில் வசித்தவர் கூறியிருக்கிறார். சலாம் பயில்வான் அவரை மணந்தாரா இல்லையா என்பதில் குடும்பத்தாருக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் ஓடி ஒளிந்தார் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

கடல் கடந்து போய்ப் பொருதுவதென்றால், பரோடாவிலும் பம்பாயிலும் விலை பேசிவைத்த ஆட்களை அங்கேயும் கொண்டுபோக முடியாது. போலியைக் கொண்டு பிழைப்பவர் அந்நிய மண்ணைத் தேடமாட்டார்; தம் ஏற்பாடு செல்லுபடியாகும் ஊர்களையே சுற்றிச் சுற்றி வருவார். ஆகவே அந்தப் பிரயாண சங்கற்பம் ஒன்றே, அவர் தம் பலத்தை மெய்யென்று நம்பினார் என்பதற்குப் போதிய சாக்ஷி என்பேன். அந்தச் சங்கற்பத்தை முறித்தது எதிராளியின் பிடி அன்று.

அதே 1954-இல் அமெரிக்காவில் மில்ட்ரெட் பர்க் என்ற வீராங்கனைக்கு நேர்ந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1937 முதல் பெண்கள் மல்யுத்தத்தின் முடிசூடிய தலைவியாக இருந்த அவரையும், கணவரும் நிர்வாகியுமாக இருந்த பில்லி உல்ஃப் அடித்துத் துன்புறுத்தினார். பிரிந்த பிறகு அவருடைய தொழிலையே பறிக்க முயன்றார். 1954 ஆகஸ்டில் அட்லாண்டாவில் ஜூன் பயர்ஸோடு நடந்த பந்தயம் முடிவு காணாமல் நிறுத்தப்பட்டது. பட்டம் பறிபோனதாகவே பலரும் பேசினார்கள். ஆயினும் பர்க்குக்கு ஒரு நிறுவனத்தை ஸ்தாபிக்கவும், அதே வருஷம் நவம்பரில் ஜப்பானுக்குப் போய்ப் பொருதவும், பின்னாளில் கலிபோர்னியாவில் பள்ளி வைத்துப் பெண்களுக்கு வித்தை கற்பிக்கவும் வழி இருந்தது. அவர் ஸ்தாபித்த பட்டம் ஜப்பானியப் பெண் மல்லர்களின் தலைமைப் பட்டமாக நிலைத்தது. வித்தையில் ஹமீதா பானு பர்க்குக்குக் குறைந்தவர் என்று சொல்ல ஒருவராலும் இயலாது. போகவேண்டிய கப்பலுக்கு ஒருத்தி போனாள், மற்றொருத்தி போக விடப்படவில்லை, அவ்வளவே.

குஸ்தியை விட்ட பிறகு பம்பாயை அடுத்த கல்யாணில் ஹமீதா பானு வாழ்ந்த வாழ்க்கையை வீழ்ச்சி என்று வர்ணிக்கும் வழக்கத்தையும் நான் ஒப்பவில்லை. சலாம் பயில்வான் அலிகாருக்குத் திரும்பிப் போனார். ஹமீதா பானு போகவில்லை. பால் விற்றார், கட்டிடங்கள் சிலவற்றை வாடகைக்கு விட்டார், கையில் பணம் இல்லாதபோது வீட்டில் பலகாரம் செய்து சாலையோரத்தில் வைத்து விற்றார், ஒரு பிள்ளையை ஸ்வீகாரம் எடுத்து வளர்த்தார், பேரனையும் தம்மோடு வைத்துக்கொண்டார், 1986-இல் காலமானார். ஏறக்குறைய முப்பது வருஷ காலம், ஊனப்பட்ட கைகால்களைக் கொண்டே உழைத்து, அடித்தவரின் தயவை எதிர்பார்க்காமல் ஒரு குடும்பத்தைத் தாங்கியவரைப் பற்றி, ‘கடைசியில் பால் விற்றுக் காலந்தள்ளினார்’ என்று அனுதாபத்தோடு எழுதுகிறவர்கள், தங்களை அறியாமலே அவரைச் சிறுமைப்படுத்துகிறார்கள். ஓய்வு பெற்ற பயில்வான் பால் வியாபாரம் செய்வது வடநாட்டில் புதுமையும் அன்று, இழிவும் அன்று. மாடு கட்டிப் பால் கறந்து விற்ற புருஷப் பயில்வான்களை எவரும் வீழ்ந்தவர்களாக எழுதியதில்லை. பரிதாபப்படவேண்டியது அவர் செய்த தொழிலைக் குறித்தன்று. அந்தக் காலம் முழுவதும் எந்த மல்யுத்த சங்கமும், எந்த அரசாங்கமும், அவரை வைத்துப் பத்தி பத்தியாக எழுதிச் சம்பாதித்த எந்தப் பத்திரிகையும், அவருக்கு ஒரு மானியமோ மரியாதையோ அளித்ததாகத் தெரியவில்லை என்பதைக் குறித்துத்தான்.

2024 மே 4 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பிலே அவருடைய சித்திரத்தை வெளியிட்டது முதல், நம் பத்திரிகைகளும் அவரை நினைத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. சந்தோஷமே. ஆனால் அந்த நினைவுக் குறிப்புகளில் ஒரு நிமிஷம் 34 விநாடி திரும்பத் திரும்ப வருகிறது, பாதாமும் பாலும் வருகின்றன, பேசிவைத்த குஸ்தி என்ற அந்தப் பழைய வாக்கியமும் தவறாமல் வருகிறது. புனாவின் சங்கம் போட்ட ஆட்சேபமும், கூங்காவும் சோட்டே காமாவும் விலகியதும், முதல் மந்திரிக்குப் போன முறையீடும், முறிக்கப்பட்ட கைகளும் சேர்ந்து வருவது அபூர்வமாக இருக்கிறது. அந்தச் சந்தேகத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்று கருதும் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சொல்லுங்கள், சொல்லும்போது, அதைத் தீர்த்துக்கொள்ளக் கிடைத்த சந்தர்ப்பங்களைத் தடுத்தவர்களின் பெயர்களையும் அதே பத்தியில் அச்சிடுங்கள்.